கேபினட்டோடு இலவசம்

வழக்கமாக என் சப்ஸ்டேஷன் கதைகளைப் படிக்க வரும் நண்பர்கள் இந்த ஒரு வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்று கொஞ்சம் கோபத்தில் எழுதுகிறேன். கோபம் ஒரு தகரப் பெட்டியின் மேல். கிட்டத்தட்ட செங்கல் அளவுதான் இருக்கும். கடைத்தெருவில் அதற்கு எஸ்எம்பிஎஸ் என்று பெயர். கம்ப்யூட்டருக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசியை 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி.

போன வாரம் பக்கத்து ஃபிளாட் நண்பர் ஒரு காகிதத்தோடு வந்தார். அவர் மகன் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறான். கேமிங் கம்ப்யூட்டர் வேண்டுமாம். பார்ட்ஸ் வாங்கித் தானே பூட்டப் போகிறானாம். கடையில் கொட்டேஷன் கொடுத்திருந்தார்கள். "நீங்க பேரனுக்கு ஏற்கெனவே செஞ்சு குடுத்திருக்கீங்களே சார், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார். பார்த்தேன். இப்படி இருந்தது:

இன்டெல் கோர் ஐ7 பிராசசர். மதர்போர்டு. 16 ஜிபி ராம். 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. 512 ஜிபி எஸ்எஸ்டி. ஆர்ஜிபி கேமிங் கேபினட். கடைசி வரியில், எஸ்எம்பிஎஸ் 450 வாட், கேபினட்டோடு இலவசம். மொத்தம் 32,000 ரூபாய்.

ஏழு வரிகளில் ஒரு வரியில்கூட மாடல் எண் இல்லை. மளிகைக் கடையில் "அரிசி, ஒரு மூட்டை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்குவோமா? பொன்னியா, இட்லி அரிசியா, பழசா, புதுசா என்று நாலு கேள்வி கேட்போம். கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்ப்போம். கம்ப்யூட்டர் என்றதும் நம் வாய் அடைத்துப் போகிறது. "எத்தனை ஜிபி?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கடைக்குப் போன் போட்டேன். ஐ7 எத்தனையாவது தலைமுறை? மூன்றாவதாம். அதாவது 2012-ல் வந்த சரக்கு. நாலு கோர் உள்ளது. 2022-ல் வந்த ஐ3 12100-க்கும் அதே நாலு கோர்தான், ஆனால் வேகத்தில் இதை வெகுதூரம் பின்னால் தள்ளிவிடும். பெயரில் மூன்று பெரிதா ஏழு பெரிதா என்று கணக்குப் பார்த்தால் ஏமாற வேண்டியதுதான். இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இடம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பையன் வாங்கும் நாளிலேயே அந்தப் பெட்டி ஓய்வு பெற்றிருக்கும், என்னைப் போல.

கிராபிக்ஸ் கார்டு? ஜிடி 730. 2014-ல் வந்தது. வந்த அன்றைக்கே அது விளையாட்டுக்கான கார்டு கிடையாது, மானிட்டரில் படம் தெரிய உதவும் சின்னக் கார்டு. அதில் 4 ஜிபி நினைவகத்தை ஒட்டி விற்கிறார்கள், "எத்தனை ஜிபி?" என்று நாம் கேட்போம் என்பது தெரிந்து.

சரி, எஸ்எம்பிஎஸ் என்ன கம்பெனி என்றேன். எதிர்முனையில் கொஞ்சம் மௌனம். "அது கேபினட்டோட ஃப்ரீயா வர்றது சார்" என்றார். என் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது.

இதே வாசகத்தை 2023-லும் கேட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் மகள் வயிற்றுப் பேரன் பிளஸ் டூ முடித்துவிட்டு, விடுமுறையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்து 14,000 ரூபாய் சேர்த்திருந்தான். நானும் அவன் அம்மாவும் மீதியைப் போட்டு, மானிட்டரோடு சேர்த்து 70,000-க்குள் முடிப்பது என்று பேச்சு. ஆடி மாதத்தில் ஒரு நாள் நங்கநல்லூரில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தோம். அந்தத் தெருவை அறியாதவர்களுக்கு: அண்ணா சாலையை ஒட்டிய சந்துகளில் ரெசிஸ்டரிலிருந்து லேப்டாப் வரை கிடைக்கும் இடம். சர்வீஸில் இருந்த காலத்தில் மீட்டர் உதிரிகளுக்காக எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

முதல் கடையில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பளபளவென்று ஒரு கேபினட்டைக் காட்டினார்கள். முன்பக்கம் கண்ணாடி, உள்ளே நாலு விசிறி, வானவில் நிறத்தில் விளக்கு. பேரன் முகத்தில் தீபாவளி. "எஸ்எம்பிஎஸ் இதோடவே ஃப்ரீ சார், 450 வாட்" என்றார் கடைக்காரர்.

அந்தப் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அப்பளக் கட்டு மாதிரி லேசாக இருந்தது. 34 வருஷம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவனுக்கு எடையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இரும்பும் செம்பும் அலுமினியமும் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தால் லேசாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். 12 வோல்ட்டில் 14 ஆம்பியர். 5 வோல்ட்டில் 30. 3.3 வோல்ட்டில் 22. மிச்சம் சில்லறை.

பத்தாம் வகுப்புக் கணக்குதான். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 12 வோல்ட்டில் கிடைப்பது 168 வாட். 5 வோல்ட்டில் 150. 3.3-ல் சுமார் 73. சில்லறையையும் சேர்த்துக் கூட்டினால்கூட 410-ஐத் தாண்டவில்லை. பெட்டியின் நெற்றியில் 450 என்று போட்டிருக்கிறது! மீதி 40 வாட் எங்கே என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார்.

அந்த 40 வாட் கிடக்கட்டும். முக்கியமான விஷயம் வேறு. பழைய காலத்துக் கம்ப்யூட்டர்கள் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் அதிகம் சாப்பிட்டன. இன்றைக்கு பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுச் சாப்பாட்டையும் 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. ஆகவே நமக்கு உபயோகப்படும் எண் அந்த 168 மட்டும்தான். நாங்கள் மனதில் வைத்திருந்த பிராசசர் ரைசன் 5 5600. அதை 65 வாட் என்பார்கள், முழு வேகத்தில் அதையும் தாண்டிப் போகும். ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு 132 வாட். இரண்டும் சேர்ந்து 200-க்கு மேல். கொடுப்பவன் கையில் 168, கேட்பவன் வாயில் 200-க்கு மேல். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் 130 கேவிஏ சுமையைத் தொங்கவிட்டு "ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்லும் லைன்மேனை நான் சும்மா விட்டதில்லை.

"நூறு பேருக்கு இதைத்தான் போட்டுக் குடுத்திருக்கோம், ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்த நூறில் பெரும்பாலானவை பில் போடவும், லெட்டர் அடிக்கவும், படம் பார்க்கவும் போயிருக்கும். அந்த வேலைக்கு 100 வாட்கூட ஆகாது. விளையாட்டு அப்படியில்லை. சனிக்கிழமை மத்தியானம் மூன்று பையன்கள் சேர்ந்தால் நாலு மணி நேரம் கார்டும் பிராசசரும் மூச்சுவிடாமல் ஓடும். அதுவும் ஏசி இல்லாத அறையில், சென்னை மே மாதத்தில்.

இரண்டாவது சமாதானம்: "யுபிஎஸ் வெச்சுட்டா போதும் சார்." இதைப் படித்தவர்களே சொல்கிறார்கள். யுபிஎஸ் பார்த்துக்கொள்வது வாசல்வரை, அதாவது 230 வோல்ட் பக்கம். சமையலறையில் தீப்பிடித்தால் வாட்ச்மேன் என்ன செய்வார்? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கோளாறு வந்து 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 18 வோல்ட் போனால், அதைத் தடுக்க வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்புச் சுற்றுதான். மின்னழுத்தம் ஏறினால் அணை, சுமை மீறினால் அணை, ஷார்ட் ஆனால் அணை. எங்கள் சப்ஸ்டேஷனில் ரிலே செய்யும் வேலை இது. வருஷக்கணக்கில் ரிலே சும்மாதான் உட்கார்ந்திருக்கும். பார்க்க வரும் அமைச்சரிடம் யாரும் அதைக் காட்ட மாட்டார்கள். ஒரு மழை ராத்திரியில் ஒரு வினாடிக்குள் அது வேலை செய்யவில்லை என்றால் கோடி ரூபாய் டிரான்ஸ்பார்மர் போய்விடும். இலவசப் பெட்டியில் முதலில் மிச்சம் பிடிக்கப்படுவது இந்தப் பாதுகாப்புதான், ஏனென்றால் அது இல்லாதது எரிகிற நாள்வரை யாருக்கும் தெரியாது.

போகிற போக்கில் ஒன்று. சின்ன 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். கேமிங் பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து எவ்வளவு இழுக்கும் என்று பார்த்து வாங்குங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்றும் ஒரு எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள்.

இவ்வளவு சூடாக எழுதக் காரணம் உண்டு. இதுவரை இங்கே எழுதாதது.

2010-ல் ஓய்வு பெற்ற கையோடு ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கினேன். அப்போது எனக்கும் "எத்தனை ஜிபி?" தவிர வேறு கேள்வி தெரியாது. எஸ்எம்பிஎஸ் என்ன என்று கேட்கவே இல்லை. மின்சாரத்தையே தொழிலாகக் கொண்டிருந்தவன்! 2012-ல் எங்கள் சஷ்டியப்தபூர்த்தி நடந்தது. ஸ்டூடியோக்காரர் எடுத்த ஆல்பம் இன்றும் இருக்கிறது. அதில் எல்லோரும் விறைப்பாக நிற்கிறோம். தம்பி மகன் தன் கேமராவில் எடுத்த முந்நூறு சொச்சம் படங்கள் வேறு ரகம். பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டே என் மனைவி யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். புடவைத் தலைப்பில் பேரனுக்கு மூக்குத் துடைக்கிறாள். எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது.

2013-ல் ஒரு ராத்திரி டப் என்று ஒரு சத்தம். கருகிய வாடை. பிரித்துப் பார்த்த மெக்கானிக், எஸ்எம்பிஎஸ்ஸில் கெப்பாசிட்டர் வெடித்திருப்பதைக் காட்டினார். மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. படங்களை மீட்டுத் தருவதாகச் சொன்ன ஓர் இடத்தில் கொடுத்துப் பார்த்தேன். முடியவில்லை. இன்னொரு பிரதி எடுத்து வைக்காதது என் தப்பு, மறுக்கவில்லை. 2016-ல் அவளும் போய்விட்டாள். அந்தச் சிரிப்பு இருந்த படம் இன்று எங்குமே இல்லை. நானூறோ ஐந்நூறோ ரூபாய்ப் பெட்டி ஒன்று செய்த வேலை.

ஆகவே அன்று ரிச்சி தெருவில் டீக்கு நன்றி சொல்லிவிட்டுப் பேரனைக் கிளப்பிக்கொண்டு வெளியே வந்தேன். அவனுக்கு அந்த வானவில் கேபினட்டை விட்டுவர மனமில்லை. "தாத்தா, எஸ்எம்பிஎஸ் வேற ஒண்ணு மாத்திக்கலாமே" என்றான். "அந்த வரியில மறைக்கிறவன் மத்த ஆறு வரியில உண்மை பேசுவான்னு என்னடா நிச்சயம்?" என்றேன்.

நாலு கடை தள்ளி ஒரு சின்னக் கடை. விளக்கு அலங்காரம் எதுவும் இல்லை. அங்கிருந்த பையன் முதலில் கேட்டது, "என்ன கேம் தம்பி? என்ன மானிட்டர்?" சரியான ஆள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. எந்தப் பொருளை எங்கிருந்து தேர்ந்தெடுக்க ஆரம்பிக்க வேண்டும் என்பதற்கு அந்த இரண்டு கேள்விகள் போதும். 1920-க்கு 1080 திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் அதைப்போல நாலு மடங்கு. திரை தீர்மானமானால் கார்டு தீர்மானமாகிவிடும், கார்டு தீர்மானமானால் மற்றவை பின்னால் வரும்.

கடைசியில் எங்கள் பில் இது. ரைசன் 5 5600 பிராசசர் 12,500. பி550 மதர்போர்டு 9,200. 8 ஜிபி ராம் இரண்டு 3,700. ஆர்எக்ஸ் 6600 கார்டு 21,500. ஒரு டிபி எஸ்எஸ்டி 4,300. 550 வாட் எஸ்எம்பிஎஸ் 4,400. கேபினட் 3,900. பெட்டி மட்டும் 59,500. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 10,400. ஆக 69,900. இன்று விலைகள் மாறியிருக்கும், பங்கீட்டை மட்டும் பாருங்கள். பெட்டிக்கான பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார்டுக்கு. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நூற்றுக்கு ஏழு ரூபாய் சொச்சம். இந்த ஏழு ரூபாயில்தான் கடைக்காரர்கள் கை வைக்கிறார்கள்.

அந்த எஸ்எம்பிஎஸ் சீட்டில் 12 வோல்ட்டுக்கு நேராக 45 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 540. இதுதான் நேர்மை. 80 பிளஸ் பிரான்ஸ் சான்று என்றான் பேரன். பிரான்ஸ் நாட்டுச் சரக்கோ என்று நினைத்துவிட்டேன். வெண்கலமாம். பாதிச் சுமையில் குறைந்தது 85 சதவீதத் திறன் என்று அர்த்தம். வாரன்டி ஐந்து வருஷம். இலவசப் பெட்டிக்கு எத்தனை வருஷம் என்று கேட்டுப் பாருங்கள்.

எதிர்ப்பக்கத்து ஆசாமிகளையும் விடப் போவதில்லை. வீடியோவில் வந்து, "எதிர்காலத்துக்கும் சேர்த்து வாங்குங்க" என்று 850 வாட் தங்கத் தரம், தண்ணீர்க் குளிர்விப்பான், 32 ஜிபி ராம் என்று அடுக்கும் பிள்ளைகள். 5600-க்குப் பெட்டியிலேயே ஒரு விசிறி வருகிறது, அது போதும். எங்கள் பெட்டி விளையாடும்போது சுவரிலிருந்து எவ்வளவு இழுக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். 220 வாட்டைச் சுற்றித்தான். 850 எதற்கு? அவர்கள் அடுக்குகிற அதிகப்படியை வாங்கக் கையில் காசு மீதியில்லாமல்தான் கார்டில் குறைக்கிறோம். ஒருவன் இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்கிறான், இன்னொருவன் வேண்டாததை வேண்டும் என்று சொல்லி விற்கிறான். இரண்டு பேருமே நம்மைக் கணக்குப் போட விடுவதில்லை.

"பில் வேண்டாம்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி மிச்சம்" என்று காதோடு சொல்பவர்களும் உண்டு. பில் இல்லாவிட்டால் வாரன்டிக்குப் போய் யாரிடம் நிற்பது? பில் வாங்குங்கள். அதில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் பொருளை வாங்காதீர்கள். எழுதவே கூசுகிற பொருளை உங்கள் வீட்டில் கொண்டுவந்து வைப்பானேன்?

பூட்டிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேசையில் ஹிந்து பேப்பர் விரித்து மூன்று மணி நேரம். பிராசசரின் தங்க முக்கோணத்தை ஸாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்துவது, ராமை இரண்டாவது நாலாவது இடங்களில் செருகுவது எல்லாம் பேரன் புத்தகம் பார்த்துச் செய்தான். நான் செய்த ஒரே வேலை மானிட்டர் வயரைச் செருகியது. ஆன் செய்தால் விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு. அரை மணி நேரம் எனக்கு வியர்த்துக் கொட்டியது. வயரை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருக்கிறேன்! 5600-க்குள் படம் காட்டும் பகுதியே கிடையாது. "34 வருஷ சர்வீஸா தாத்தா?" என்றான் பேரன். பதில் சொல்லவில்லை. பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்து, 3200 வேகத்துக்குக் காசு கொடுத்த ராமை 3200-லேயே ஓடவிட்டான். விண்டோஸ் அமைப்பில் 60 ஹெர்ட்ஸை 144 ஆக்கினான். இந்த இரண்டையும் செய்யாமல் பாதி வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய இருப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேரன் அதில்தான் விளையாடுகிறான், கல்லூரிப் பாடமும் அதில்தான். கூடவே ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கும் வாங்கிக் கொடுத்து, மாதம் ஒருமுறை பிரதி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். தாத்தா ஏன் இதில் மட்டும் இவ்வளவு பிடிவாதம் என்று அவன் கேட்டதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வான்.

ரிச்சி தெருக் கடைகள் எல்லாமே மோசம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு நல்ல பொருள் கொடுத்ததும் அதே தெருதான். நாம் ஜிபி கேட்டால் ஜிபி கொடுக்கிறார்கள். விளக்குக் கேட்டால் விளக்குக் கொடுக்கிறார்கள். பன்னிரண்டு வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று கேட்க ஆரம்பித்தால், ஆறே மாதத்தில் அதையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுவார்கள். கேட்காதது நம் குற்றம். 2010-ல் கேட்காத நானும் அதில் சேர்த்தி.

பக்கத்து ஃபிளாட் நண்பரின் காகிதத்தில் கடைசி வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். பக்கத்தில் "12 வோல்ட், எத்தனை ஆம்பியர்? கம்பெனி, மாடல், வாரன்டி?" என்று எழுதினேன். மேலே உள்ள ஆறு வரிகளுக்கும் மாடல் எண் கேட்டு எழுதி வாங்கி வரச் சொன்னேன். பையனையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன், பூட்டப் போகிறவன் அவன்தானே. வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறார்களாம். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். முழங்கால் ஒத்துழைத்தால் போவேன்.

அடுத்த வாரம் வழக்கம்போல் சப்ஸ்டேஷனுக்குத் திரும்புவோம்.